காசி, பிரயாகை, அயோத்தி: ஜனவரியில் நாலு பேர், ஆளுக்கு 15 கிலோ. துணியை எப்படி அடுக்குவது?

புலியூர்_கோபுரம்

எல்லாருக்கும் வணக்கம். கடலூர், திருப்பாதிரிப்புலியூர்க்காரன். பொங்கல் கழிந்த கையோடு அப்பா, அம்மா, மனைவி, நான் என்று நாலு பேரும் காசிக்குக் கிளம்புகிறோம். பிரயாகையில் அப்பா செய்ய வேண்டிய பித்ரு காரியம் ஒன்று இருக்கிறது, அங்கிருந்து அயோத்தி. போவது சென்னையிலிருந்து விமானத்தில், திரும்புவது ரயிலில் மூன்றடுக்கு ஏசி. ஒரு வாரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும்.

டிக்கெட்டில் ஆளுக்குப் பெட்டி 15 கிலோ, கைப்பை 7 கிலோ என்று போட்டிருக்கிறது. தாராளம் என்றுதான் முதலில் நினைத்தேன். கட்டில் மேல் குவிந்து கிடப்பதைப் பார்த்தால் இப்போது அப்படித் தோன்றவில்லை. அம்மா நாளுக்கு ஒரு புடவை என்று எடுத்து வைத்துவிட்டார், அதில் இரண்டு கனத்த பட்டு. அப்பாவுக்கு வேட்டிகள், ஸ்வெட்டர், சால்வை, குரங்குக் குல்லா. யூடியூபில் எல்லாவற்றையும் சுருட்டச் சொல்கிறார்கள். "என் புடவையைச் சுருட்டினால் நான் வரவே இல்லை" என்கிறார் அம்மா.

சுருட்டுவதா, மடிப்பதா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓட்டி_கப்பல்காரன்

சுருட்டுவதுதான் தம்பி. சரக்குக் கப்பலில் காலம் தள்ளியவன் நான். அங்கே அலமாரி என்று கொடுப்பதில் ஒரு பையைத் திணிப்பதே பெரும்பாடு.

டி-ஷர்ட்டைக் குப்புற விரி. அடி விளிம்பை நாலு விரல் அகலத்துக்கு வெளிப்பக்கம் திருப்பு. இரண்டு பக்கத்தையும் நடுவுக்கு மடித்து, கழுத்திலிருந்து கீழ்நோக்கி இறுக்கமாகச் சுருட்டிக்கொண்டு வா. கடைசியில் அந்தத் திருப்பிய விளிம்பைச் சுருளின் மேல் புரட்டிவிடு. தூக்கி எறிந்தாலும் பிரியாது. மூட்டிய கைலி, டிராக் பேண்ட், பனியன் எல்லாவற்றுக்கும் இதே முறைதான். சுருள்களைப் படுக்க வைக்காமல் நிறுத்தி வை. மேலிருந்து பார்த்தாலே எது எங்கே என்று தெரியும், ஒன்றை எடுக்க மீதியைக் கலைக்க வேண்டாம். சாக்ஸ் ஷூவுக்குள் போகட்டும்.

மஞ்சை_இஸ்திரி

கப்பல்காரர் அண்ணன் சொல்வது பனியனுக்குப் பொருந்தும். கஞ்சி போட்ட வேட்டியையும் காட்டன் சட்டையையும் அப்படிச் சுருட்டினால் அங்கே போய் இஸ்திரிக் கடை தேட வேண்டியதுதான்.

டி-ஷர்ட், குளிருக்கு உள்ளே போடும் தெர்மல், ஸ்வெட்டர் எல்லாம் பின்னல் துணி. இழுத்தால் கொடுக்கும், விட்டால் பழைய நிலைக்கு வந்துவிடும். அதைச் சுருட்டலாம். சட்டை, வேட்டி, புடவை எல்லாம் நெய்த துணி. இறுக்கிச் சுருட்டும்போது உள்சுற்றில் இருக்கும் துணிக்குப் போக இடமில்லாமல் குறுக்கும் நெடுக்குமாகச் சின்னச் சின்னச் சுருக்கம் விழும். மடித்தால் ஒரு நேர்க்கோடுதான் விழும், அது உடுத்தினால் அவ்வளவாகத் தெரியாது. கஞ்சி என்றால் இன்னும் மோசம், கோடு விழுந்த இடத்தில் அப்படியே உடைந்து நிற்கும். பயணத்துக்கு எடுக்கும் வேட்டிக்குக் கஞ்சியே போடாதீர்கள்.

இன்னொன்று, இதை யாரும் சொல்வதில்லை. இஸ்திரி போட்ட சூட்டோடு மடித்துப் பெட்டியில் அமுக்காதீர்கள். பருத்தி இழை சூடும் ஈரமும் இருக்கும் வரை எந்த வடிவத்துக்கும் வளையும், ஆறிக் காயும்போது எப்படிக் கிடக்கிறதோ அப்படியே பிடித்துக்கொள்ளும். இஸ்திரி வேலை செய்வதே அதனால்தான், கசங்குவதும் அதனால்தான். கொடியிலோ நாற்காலியிலோ போட்டு நன்றாக ஆறவிட்டு மடியுங்கள்.

நல்ல சட்டைகளுக்கு வேறு வழி இருக்கிறது. வேட்டியை நீளமாக விரித்துப் பெட்டியின் அடியில் பரப்பி, இரண்டு முனையையும் வெளியே தொங்கவிடுங்கள். அதன் மேல் சட்டைகளைக் கை வெளியே தெரிய ஒன்றன்மேல் ஒன்றாக விரியுங்கள். நடுவில் சுருட்டிய பனியன், உள்ளாடை எல்லாவற்றையும் கட்டாக வையுங்கள். பிறகு தொங்கும் கைகளையும் முனைகளையும் அந்தக் கட்டின் மேல் ஒவ்வொன்றாகப் போர்த்துங்கள். கூர்மையான மடிப்பே விழாது. ஒரு கஷ்டம்: நடுவில் இருப்பதை எடுக்க வேண்டுமென்றால் முழுவதையும் பிரிக்க வேண்டும்.

நெல்லித்தோப்பு_அக்கா

நான் புதுச்சேரி. பிள்ளைகள் பாரிஸில் இருப்பதால் பெட்டி கட்டுவது எனக்கு வாடிக்கையாகிவிட்டது. சுருட்டுவதா மடிப்பதா என்று நீங்கள் எல்லாம் சண்டை போடுகிறீர்கள், பெட்டியின் எடையை ஒருத்தரும் கேட்கவில்லையே!

24 அங்குல ட்ராலி பெட்டி வெறுமையாகவே மூன்றரை, நாலு கிலோ வரும். 15-இல் நாலு போனால் மிச்சம் 11தான். சாதாரணத் துணிப்பை ஒரு கிலோ சொச்சத்தில் முடிந்துவிடும். நாலு பேருக்கு நாலு ட்ராலி வேண்டாம் தம்பி. இரண்டு ட்ராலி, இரண்டு துணிப்பை போதும். ஒவ்வொரு பெட்டியிலும் நாலு பேர் துணியும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கட்டும். ஒன்று வந்து சேரத் தாமதமானால்கூட யாரும் உடுத்திய துணியோடு நிற்க மாட்டீர்கள்.

எடை போடத் தொங்குதராசு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், விலை அதிகமில்லை. இல்லையென்றால் எடை மிஷினில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒரு தடவை, தூக்காமல் ஒரு தடவை ஏறி நின்று கழித்துப் பாருங்கள்.

கூடவே இதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் எடை ஏறுவது துணியால் இல்லை. சாம்பார்ப் பொடி, வடகம், அப்பளம், முறுக்கு டப்பா. இவற்றை முதலில் தராசில் வைத்துவிட்டு அப்புறம் அம்மாவின் புடவை மேல் கை வையுங்கள்.

பேக்பேக்_பையன்_605

இவ்வளவு எதற்கு? ஆளுக்கு மூன்று செட். ராத்திரி ரூமில் அலசிப் போட்டால் காலையில் காய்ந்துவிடும். ஒரு முதுகுப்பை, 7 கிலோ, பெல்ட்டில் பெட்டி வருகிறதா என்று காத்துக் கிடக்கவும் வேண்டாம். மணாலி, ஹம்பி எல்லாம் அப்படித்தான் போய் வந்தேன்.

ஓட்டி_கப்பல்காரன்

வயதானவர்களை வைத்துக்கொண்டா தம்பி?

லாஸ்பேட்_ஓய்வு

இந்த உரையாடலைக் காலையிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன். அலகாபாத்தில் வேலை பார்த்தவன், அந்த ஊர் குளிர்காலம் எனக்குப் பழக்கம். பேக்பேக் தம்பி சொல்வது மே மாதத்துக்குச் சரி. ஜனவரியில் காசியிலும் பிரயாகையிலும் அது நடக்காது.

அங்கே அந்த மாதத்தில் ராத்திரி வெப்பம் 8, 10 டிகிரிக்கு இறங்கும், சில நாள் அதற்கும் கீழே. பனிமூட்டம் இறங்கிவிட்டால் நண்பகல் வரை சூரியன் தெரியாது, சில நாள் முழுக்கவே தெரியாது. காற்றில் ஈரம் நிரம்பியிருக்கும். அப்படிப்பட்ட அறையில் காட்டன் சட்டையைக் காயப் போட்டால் மறுநாள் மாலையும் தொட்டால் சில்லென்றுதான் இருக்கும். உள்பாவாடை, ஜீன்ஸ் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

ஆகவே முதலில் முடிவு செய்ய வேண்டியது எது அங்கே காயும், எது காயாது என்பதைத்தான். மடிப்பதும் சுருட்டுவதும் அப்புறம். பாலியஸ்டர் இழை தண்ணீரை உறிஞ்சுவதே இல்லை என்று சொல்லலாம், பருத்தி குடித்துவிடும். தெர்மல் வாங்கும்போது முழுப் பருத்தியாக வாங்காமல் கலப்பாகப் பார்த்து வாங்குங்கள். ஆளுக்கு இரண்டு செட் போதும். உள்ளாடை மட்டும் முழு நாள் கணக்குக்கு எடுங்கள், அதில் கஞ்சத்தனம் வேண்டாம், எடையும் இல்லை.

மேல்துணியைத் தைரியமாகக் குறைக்கலாம். அந்தக் குளிரில் வியர்வையே கிடையாது, ஒரு புடவையை இரண்டு நாள் கட்டலாம், ஒரு பேண்ட்டை மூன்று நாள் போடலாம். அம்மாவிடம் இதை மெதுவாகச் சொல்லுங்கள்: மேலே ஸ்வெட்டர், அதற்கு மேல் சால்வை. எந்தப் புடவை கட்டியிருக்கிறார் என்பது கணுக்காலுக்குக் கீழேதான் தெரியும்.

குளியலுக்குத் தனிக் கணக்கு. கங்கையிலும் சங்கமத்திலும் முங்குவதற்குப் பெண்களுக்குப் பழைய பூனம் புடவையோ சிந்தெடிக் சுடிதாரோ எடுத்துக்கொள்ளுங்கள். காட்டன் புடவை நனைந்தால் படகில் ஏறி இறங்க முடியாத அளவுக்குக் கனக்கும். அப்பாவுக்குக் காரியத்துக்கு மெல்லிய நாலு முழ வேட்டி இரண்டு, துண்டு. டர்க்கி டவலை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். ஈரிழைத் துண்டு ஆளுக்கு இரண்டு, மடித்தால் கையளவு, தண்ணீரை நன்றாக வாங்கும், அறைக்குள்ளேயே உலரும்.

நனைந்த துணியைப் பிழிந்துவிட்டு, ஒரு காய்ந்த துண்டை விரித்து அதன் மேல் பரப்பி, இரண்டையும் சேர்த்துச் சுருட்டி முழங்காலால் அழுத்துங்கள். மிச்ச ஈரத்தில் பெரும்பங்கு துண்டுக்கு வந்துவிடும். அதற்கப்புறம் மின்விசிறியடியில் போட்டால் சிந்தெடிக் துணி ராத்திரிக்குள் காயும். கப்பல்காரர் சொன்ன சுருட்டல் இங்கேதான் உண்மையில் உதவும்.

பேக்பேக்_பையன்_605

ஒத்துக்கொள்கிறேன் சார். மணாலி போனது ஜூன் மாதம்.

புலியூர்_கோபுரம்

லாஸ்பேட் சாருக்கு மிகவும் நன்றி. கணுக்கால் விஷயத்தை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். ஒரு முறை முறைத்தார், ஆனால் மூன்று புடவை கட்டிலிலிருந்து பீரோவுக்குத் திரும்பிவிட்டது.

அடுத்த பஞ்சாயத்து: மனைவி காற்றை உறிஞ்சி அமுக்கும் பிளாஸ்டிக் பை வாங்கி வைத்திருக்கிறாள். நாலு ஸ்வெட்டரும் ஒரு தலையணை அளவுக்குச் சுருங்கிவிட்டன. இது நல்லதா?

நெல்லித்தோப்பு_அக்கா

இடம் சுருங்கும், எடை சுருங்காது. அதை மறந்தால் பெட்டியில் இன்னும் இடம் இருக்கிறதே என்று மேலும் மேலும் வைப்பீர்கள், கவுன்டரில் போய் 19 கிலோ என்று காட்டும். ஸ்வெட்டர், சால்வைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பம்ப் வைத்து உறிஞ்சும் வகை என்றால் திரும்பி வரும்போது என்ன செய்வீர்கள்? கையால் சுருட்டிக் காற்றை வெளியேற்றும் வகைதான் பயணத்துக்கு லாயக்கு. பட்டுப்புடவையை மட்டும் அதற்குள் போடவே போடாதீர்கள்.

சொல்லப்போனால் கனத்த ஸ்வெட்டரைப் பெட்டியில் வைக்கவே தேவையில்லை. உடம்பில் போட்டிருப்பதை யாரும் எடை போடுவதில்லை. மீனம்பாக்கத்தில் கையில் மாட்டிக்கொண்டு ஏறி, காசியில் இறங்கும்போது போட்டுக்கொள்ளலாம். ஷூவும் அப்படித்தான், காலில் போட்டுக்கொண்டு செருப்பைப் பெட்டியில் வையுங்கள்.

ஜரிகை_கரை

பட்டுப்புடவைக் கடையில் இருக்கிறேன். அம்மா சொல்வதில் நியாயம் இருக்கிறது, பட்டைச் சுருட்டாதீர்கள். ஜரிகை வெறும் நூல் இல்லை. உள்ளே பட்டு இழை, அதன் மேல் மெல்லிய வெள்ளிக் கம்பி சுற்றியிருக்கும். ஒரே கோட்டில் திரும்பத் திரும்ப மடித்து அமுக்கினால் அந்த இடத்தில் அது விடும், அப்புறம் ஒன்றும் செய்ய முடியாது.

ஆனால் கடையில் மடித்துக் கொடுத்த சின்னச் சதுரமாகவும் எடுத்துப் போகாதீர்கள். புடவையின் அகலம் சுமார் 45 அங்குலம். அகலவாக்கில் ஒரே ஒரு மடிப்பு மடித்தால் இருபத்திரண்டரை, 24 அங்குலப் பெட்டியில் நீளவாக்கில் ஏறத்தாழ சரியாக உட்காரும். நீளத்தைப் பெட்டியின் அகலத்துக்கு மடித்துக்கொண்டே வாருங்கள். மடிப்பு விழும் இடங்களில் ஒரு மெல்லிய பருத்தித் துண்டைச் சுருட்டி உள்ளே கொடுத்தால் கூர் விழாது. ஜரிகை உள்பக்கம் இருக்கட்டும். பழைய வேட்டியில் சுற்றி எல்லாவற்றுக்கும் மேலே வையுங்கள். பிளாஸ்டிக் கவர் வேண்டாம், அந்துருண்டை ஜரிகையில் படக் கூடாது.

இதையெல்லாம் சொல்லிவிட்டு என் கருத்தையும் சொல்கிறேன்: கனத்த பட்டு இரண்டும் வேண்டாம். ஒரு கனத்த பட்டு முக்கால் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை நிற்கும். ஜரிகை குறைந்த சாஃப்ட் சில்க் ஒன்று போதும். பட்டு எடைக்குக் கதகதப்பும் தரும், காட்டனைவிடக் கசங்குவதும் குறைவு. விசுவநாதர் சந்நிதிக்குப் போகும் தெருக்களில் கூட்டமும் ஈரமும் சேறும். அங்கே கல்யாணப் பட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடப்பது அம்மாவுக்குத்தான் சிரமம். இன்னொன்று, காசிக்குப் போய்ப் பனாரஸ் பட்டு வாங்காமலா வரப் போகிறார்? வாங்குவதற்கு இடம் விட்டுப் போகட்டும்.

நெல்லித்தோப்பு_அக்கா

ஜரிகைத் தம்பி சரியாகச் சொன்னார். வரும்போது ரயில்தானே, மூன்றடுக்கு ஏசிக்கு ஆளுக்கு 40 கிலோ வரை இலவசம். மடித்தால் உள்ளங்கைக்குள் அடங்கும் நைலான் பை ஒன்று பெட்டியின் ஓரத்தில் செருகி வையுங்கள்.

அம்மாவிடம் இன்னொரு கணக்கும் சொல்லுங்கள். புடவையைவிடப் பிளவுஸும் உள்பாவாடையும்தான் இடத்தை அடைக்கும். ஒரு கறுப்பு, ஒரு மெரூன் பிளவுஸுக்குப் பொருந்துகிற மாதிரி புடவைகளைத் தேர்ந்தெடுத்தால் உள்பாவாடையும் இரண்டில் முடியும்.

தேவனாம்பட்டினம்_அலை

உள்ளூர் விஷயம் ஒன்று. மார்கழி, தை மாதத்தில் நம் பக்கம் மொட்டை மாடியில் காய்ந்த துணியை நம்பாதீர்கள். கடலிலிருந்து வரும் உப்பு துணியில் படிந்து காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், பெட்டியில் இரண்டு நாள் அடைத்துத் திறந்தால் மக்கல் வாடை அடிக்கும். ஸ்வெட்டர் வருஷம் முழுவதும் பீரோவின் அடியில் கிடந்தது என்றால் கேட்கவே வேண்டாம். ஒரு வாரம் முன்னதாகவே எடுத்து நல்ல வெயிலில் உதறிப் போடுங்கள். அடுக்குவதற்கு முந்தின ராத்திரி எல்லாத் துணியையும் வீட்டுக்குள் மின்விசிறிக்கு அடியில் பரப்பிவிட்டு, மறுநாள் அடுக்குங்கள்.

வில்லியனூர்_வாசி

ஈரிழைத் துண்டு, டி-ஷர்ட் வாங்க ஞாயிற்றுக்கிழமை புதுச்சேரி காந்தி வீதி சண்டே மார்க்கெட் வந்துவிடுங்கள், பேரம் பேசத் தெரிந்தவரைக் கூட்டி வாருங்கள். ஸ்வெட்டர் இங்கே வாங்குவது வீண். குளிர்காலத்தில் வடக்கே தெருவுக்குத் தெரு விற்பார்கள், வகையும் நிறைய. ஆளுக்கு ஒன்று இங்கிருந்து, போதாவிட்டால் அங்கே.

லாஸ்பேட்_ஓய்வு

சக்கரப் பெட்டி பற்றி ஒரு சொல். புலியூரிலிருந்து ரயிலில் தாம்பரம் இறங்கி, மின்சார ரயில் மாறி திரிசூலம் வந்து, படி ஏறி இறங்கினால்தான் விமான நிலையம். காசியில் கோதௌலியா நாற்சந்திக்கு அப்பால் படித்துறைப் பக்கம் வண்டி போகாது, தங்குமிடம் அங்கே என்றால் கல் பாவிய சந்தும் படியும்தான். சக்கரம் இருந்தும் பெட்டியைத் தூக்கித்தான் ஆக வேண்டும். 15 கிலோ அனுமதி என்பதற்காக 15 கிலோ நிரப்பாதீர்கள். நீங்களே ஒரு கையால் தூக்கிப் படி ஏற முடிகிற எடைதான் கணக்கு. வீட்டில் மாடிப்படியில் ஒரு தடவை ஏறிப் பாருங்கள்.

கோயிலுக்குள் போனோ பையோ அனுமதி கிடையாது, லாக்கரில் வைக்க வேண்டும். அதனால் அம்மாவுக்கும் மனைவிக்கும் பணம் வைக்க இடுப்பில் செருகும் சுருக்குப்பை எடுத்துக்கொள்ளுங்கள்.

புலியூர்_கோபுரம்

மாடிப்படியில் ஏறிப் பார்த்தேன். பெரிய பெட்டியிலிருந்து என்னுடைய ஜீன்ஸ் இரண்டும் வெளியே வந்துவிட்டன. ஜீன்ஸ் ஒன்று முக்கால் கிலோ நிற்கிறது, ஒன்றைப் போட்டுக்கொண்டு போகிறேன், அவ்வளவுதான்.

இப்போது நிலவரம்: தெர்மலும் டி-ஷர்ட்டும் கப்பல்காரர் முறையில் சுருட்டி நிற்கின்றன. அப்பாவின் வேட்டி, சட்டை இஸ்திரி அண்ணன் சொன்னபடி போர்த்திக் கட்டியிருக்கிறோம். குளியல் துணி நாலு பேருக்கும் தனியாக ஒரே பையில், கூடவே ஈரம் தாங்கும் பிளாஸ்டிக் பை. பட்டில் ஒன்று பீரோவுக்குப் போய்விட்டது. இன்னொன்றுக்கு இன்னும் பேச்சுவார்த்தை நடக்கிறது. தராசில் பெரிய பெட்டி பதினொன்றரை.

மீதி எடையில் அம்மா பூஜைப் பையை வைக்கச் சொல்கிறார். விபூதி, குங்குமம், திரி, கற்பூரம், தீப்பெட்டி. புடவைக்கு நடுவில் வைத்தால் கொட்டாது என்கிறார். பவர் பேங்கும் அங்கேயே வைக்கலாமா?

நெல்லித்தோப்பு_அக்கா

ஐயோ தம்பி, கற்பூரமும் தீப்பெட்டியும் விமானத்தில் ஏறவே கூடாது. பெட்டியிலும் கூடாது, கைப்பையிலும் கூடாது. இரண்டும் எளிதில் தீப்பற்றும் பொருள். ஸ்கேனில் பட்டால் பெட்டியைத் திறக்கச் சொல்வார்கள், அப்புறம் அத்தனை மடிப்பும் வரிசையில் நிற்பவர்கள் கண்முன்னால் பிரியும். காசியில் கற்பூரத்துக்கா பஞ்சம்? பவர் பேங்க் கைப்பையில் மட்டும்தான், கொடுத்தனுப்பும் பெட்டியில் கூடாது. விபூதி, குங்குமத்தை மூடி இறுகும் டப்பாவில் போட்டு, அதையும் ஒரு கவரில் சுற்றுங்கள். பட்டுப் பக்கம் வேண்டாம், குங்குமக் கறை போகாது.

புலியூர்_கோபுரம்

கற்பூரம், தீப்பெட்டி இரண்டையும் எடுத்து சாமி அலமாரியில் வைத்தாயிற்று அக்கா. பவர் பேங்க் கைப்பைக்கு மாறிவிட்டது. குங்குமம் என்றதும் இரண்டாவது பட்டையும் அம்மா தானாகவே எடுத்துவிட்டார், சாஃப்ட் சில்க்தான் வருகிறது.